கொரோனா வருடங்களில் ஊராட்சி கொடுத்த ஆண்டு இறுதி நோட்டீஸ்: அதில் எதை நம்பலாம்?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். அவர் தன் ஊரின் வரலாற்றை எழுத ஆரம்பித்திருக்கிறார். ஆயா ரேஷன் கார்டு வைக்கும் தகரப் பெட்டியில் பழைய நோட்டீஸ் இரண்டு கிடைத்திருக்கின்றன. ஒன்று 2020 டிசம்பர் 31 தேதியிட்ட அரைத்தாள், கறுப்பு மை, கீழே ‘தனி அலுவலர்’ என்று ஒரு முத்திரை மட்டும். இன்னொன்று 2021 டிசம்பர் கடைசியில் வந்தது. வழவழப்பான தாள், பல வண்ணம், ஊராட்சி மன்றத் தலைவரின் படம், கூடவே இன்னும் மூன்று பேர் படம். இரண்டுக்கும் தலைப்பு ‘பொதுமக்களுக்கு ஆண்டு இறுதிச் செய்தி’. இப்படி ஒரு செய்தி கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா, முதல் தாளில் ஏன் ஒரு ஆளின் பெயர்கூட இல்லை என்று கேட்கிறார்.

கேள்வியின் கடைசியில், “இரண்டு தாளிலும் செத்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை, அப்படியென்றால் இதை வைத்து நான் என்ன எழுதுவது” என்றும் சேர்த்திருக்கிறார். அவர் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். அந்த இரண்டு வருடம் ஊரில் என்ன நடந்தது என்பதற்கு இந்தத் தாள்கள் சாட்சியாகுமா? ஆகும். ஆனால் எந்த வரி சாட்சி, எந்த வரி வெறும் சம்பிரதாயம் என்று பிரித்துப் படிக்கத் தெரிய வேண்டும். அதைத்தான் விளக்கப் பார்க்கிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் இருந்த காலத்தில், 1990இல், ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். கடைசியில் துணை வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றேன். 2020 மே மாதமே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன். ஓய்வு வயதை அரசு முதலில் 59 ஆகவும் பிறகு 60 ஆகவும் உயர்த்தியதால் இரண்டு அலையையும் பணியில் இருந்தே பார்த்தேன். எனக்குத் தெரிந்தது கிராம ஊராட்சி. பேரூராட்சி, நகராட்சி நடைமுறை வேறு. கீழே சொல்வதை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில் சட்டம். 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் ஆண்டு இறுதி வாழ்த்துச் செய்தி என்று ஒன்று கிடையாது. ஊராட்சிக்கு வருடம் முடிவதே டிசம்பரில் இல்லை, மார்ச் 31இல்தான். வீட்டு வரி நிலுவை, வரவு செலவு, தணிக்கை எல்லாம் அந்தத் தேதியை ஒட்டியே ஓடும். 2020இல் ஊரடங்கு வந்ததும் மார்ச் கடைசி வாரம் என்பதைக் கவனியுங்கள். கணக்கு முடிக்கும் வாரத்தில் வரி வாங்கப் போன ஆள் வீடு திரும்பிவிட்டார். அந்த வருடக் கணக்கில் பல ஊரில் நிலுவை ஏறியதற்குக் காரணம் மக்கள் கட்டாமல் ஏமாற்றியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரி, டிசம்பர் நோட்டீஸ் எங்கிருந்து வந்தது? அது வழக்கம்தான். பொங்கலுக்கு முன்னால் ஊருக்குள் நாலு விஷயம் சொல்ல வேண்டியிருக்கும். தண்ணீர், குப்பை, வரி, மாடு விடும் விழாவுக்கு முன்அனுமதி வாங்குவது, அப்புறம் ஒரு வாழ்த்து. பெரும்பாலான ஊர்களில் அதுவும் இருக்காது. தண்டோரா போட்டுச் சொல்லிவிடுவார்கள். பறையடித்துத் தண்டோரா போடும் வழக்கத்தை 2022 ஆகஸ்டில்தான் அரசு நிறுத்தச் சொன்னது, நிறுத்தியது நல்லதுதான். 2020இல் அது இருந்தது, ஆனால் கூட்டம் கூடிவிடும் என்ற பயத்தில் பல இடத்தில் ஆட்டோவில் மைக் கட்டிப் போனார்கள், இல்லையென்றால் தாள் அச்சடித்தார்கள். உங்கள் ஆயா பெட்டியில் தாள் இருப்பதற்குக் காரணமே அந்த வருடம் ஜனங்கள் ஓரிடத்தில் கூட முடியாமல் போனதுதான்.

பெயர் இல்லாத முத்திரைக்கு வருகிறேன். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்க வேண்டிய தேர்தலைப் பழங்குடியினர் இடஒதுக்கீட்டுக் குறையைக் காட்டிச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதிலிருந்து தனி அலுவலர் ஆட்சிதான். கிராம ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்து தலைவர்கள் வந்துவிட்டார்கள். நமக்கு வரவில்லை. 2019 நவம்பரில்தான் வேலூரைப் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களை உருவாக்கியிருந்தார்கள். அப்படிப் புதிதாகப் பிரிந்தவை, பிரிக்கப்பட்டவை என்று ஒன்பது மாவட்டங்களை அந்தத் தேர்தலில் விட்டுவிட்டார்கள். நமக்குத் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது. அக்டோபர் 20இல் பதவியேற்றார்கள். கூட்டிப் பாருங்கள், ஐந்து வருடம்.

ஐந்து வருடம் என்று எண்ணாகச் சொன்னால் கனம் தெரியாது. இன்றைய வேலூர் மாவட்டத்தில் ஏழு ஒன்றியங்கள், 247 ஊராட்சிகள். அணைக்கட்டு ஒன்றியத்தில் மட்டும் 51. அந்த 51 ஊருக்கும் சட்டப்படி ‘தலைவர்’ ஒரே ஒரு அதிகாரி. உலகமே முடங்கிய வருடத்தில், ஊருக்குள் யாருக்கு ஜுரம், யார் வீட்டில் அரிசி இல்லை, பெங்களூரிலிருந்து யார் ராத்திரி பைக்கில் வந்து இறங்கினார் என்று தெரிந்த, ஓட்டு வாங்கிய ஆள் ஒருவர்கூட நம் ஊர்களில் இல்லை. பக்கத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்தார்கள். அங்கே தலைவரின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்க முடிந்தது. இங்கே எல்லாம் ஊராட்சி செயலரின் தலையில் விழுந்தது. உங்கள் முதல் தாளில் பெயர் இல்லாததற்குக் காரணம் அச்சகத்தின் கவனக்குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். பெயர் போட அங்கே ஆளே இல்லை. வரலாற்றில் எழுத வேண்டிய முதல் விஷயமே இதுதான் என்பேன்.

இரண்டாவது விஷயம் கிராம சபை. சட்டப்படி ஊராட்சி மக்களுக்குப் பதில் சொல்லும் இடம் அதுதான். அப்போது வருடத்துக்கு நான்கு முறை கூட்டுவோம், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 500க்கு மேல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊர் என்றால் குறைந்தது 100 பேர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வரவு செலவை அங்கே படிக்க வேண்டும். 2020இல் ஜனவரி 26க்குப் பிறகு மே 1 இல்லை, ஆகஸ்ட் 15 இல்லை. அக்டோபர் 2 நடக்கும் என்று நோட்டீஸ் ஒட்டிய பிறகு, முந்தின நாள் ரத்து என்று தகவல் வந்தது. 2021 ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15 மூன்றும் போயின. அக்டோபர் 2ஆம் தேதி மற்ற மாவட்டங்களில் நடந்தது, நமக்கு நாலு நாளில் வாக்குப்பதிவு, அதனால் இல்லை. ஊரடங்குக்கு எவ்வளவு காசு செலவானது, பிளீச்சிங் பவுடர் எத்தனை மூட்டை வந்தது, மருந்து அடித்தவருக்குக் கூலி கொடுத்தார்களா என்று எழுந்து நின்று கேட்க ஒரு இடம் ஒன்றரை வருடத்துக்கும் மேல் ஊரில் இல்லை. நோயைக் காட்டிக் கூட்டத்தை நிறுத்தியது 2020 மே மாதத்தில் சரிதான், நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். அக்டோபரில் டாஸ்மாக் திறந்திருந்தது, பேருந்து ஓடியது. திறந்த வெளியில் இடைவெளி விட்டு 100 பேரை உட்கார வைத்திருக்க முடியும். இது என் கருத்து, மாற்றுக் கருத்து உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

அதனால் 2020 டிசம்பர் தாளை வாழ்த்து மடலாகப் படிக்காதீர்கள். நடக்காத கிராம சபையின் இடத்தில் வந்த ஒரே காகிதம் அது. அந்தக் கண்ணோடு படித்தால் என்ன சொல்லியிருக்கிறது, என்ன விட்டிருக்கிறது என்று இரண்டும் பேச ஆரம்பிக்கும்.

அப்படிப்பட்ட தாள் எப்படித் தயாரானது என்று ஒரு ஊரில் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். 2020 டிசம்பர் 29 சாயங்காலம். நிவர் புயல் மழையில் ஏரி நிரம்பிக் கோடி போய்க்கொண்டிருந்தது, ஊராட்சி அலுவலகத்தின் சுவரெல்லாம் ஓதம். ஊராட்சி செயலர் ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். முதல் வரி, ‘2020ஆம் ஆண்டு இனிதே நிறைவடையும் இவ்வேளையில்’. அவர்மேல் தப்பில்லை, பழைய நோட்டீஸைப் பார்த்து எழுதியது. ‘இனிதே’ என்ற சொல்லை அடித்துவிடுங்கள் என்றேன். அவர் அடித்தார், பிறகு அந்த வரி முழுவதையுமே அடித்தார். ஒரு ரீம் தாள்தான் இருந்தது, 500 தாள். ஊரும் குக்கிராமமும் சேர்த்தால் வீடு அதற்கு மேல். பாதியாக வெட்டினால்தான் எல்லா வீட்டுக்கும் போகும். உங்கள் தாள் ஏன் அரைத்தாள் என்பதற்கும் இப்படி ஏதாவது ஒரு காரணம் இருக்கக்கூடும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடுகிறவர் வந்து வாசலில் நின்றார். “சார், புயல் அன்னிக்கு மோட்டார் போயிட்டு மூணு நாள் தண்ணி வுடலையே, அதையும் போடுங்க. ஜனங்க நான் தூங்கிட்டேன்னு நினைச்சிக்கினு இருக்காங்க” என்றார். போட்டோம். ‘நவம்பர் 26 முதல் மூன்று நாட்கள் மோட்டார் பழுதால் குடிநீர் வழங்க இயலவில்லை, இதற்கு ஊராட்சி வருந்துகிறது, இயக்குபவர் மீது தவறில்லை’ என்று ஒரு வரி. தாள் கொடுக்கப் போனபோது வாசலிலேயே நின்று சத்தமாகப் படித்த பெண்கள் அந்த வரியில்தான் நின்றார்கள். ஒரு ஆயா, “இப்பனாச்சும் ஒத்துக்கினீங்களே” என்றார். ஊராட்சியிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது அந்த ஒப்புக்கொள்ளலைத்தான்.

சாவு பற்றிய வரியும் முதலில் இருந்தது. ‘இவ்வாண்டு நோயால் நம் ஊரில் நால்வரை இழந்தோம், அவர்கள் குடும்பங்களுக்கு ஊராட்சியின் ஆறுதல்’ என்று எழுதியிருந்தோம். பெயர் போடவில்லை. கையெழுத்துக்காக மேலே போன நகல் திரும்பி வந்தபோது அந்த வரியில் கோடு போட்டிருந்தது. நோயாளி எண்ணிக்கை, இறப்பு எண்ணிக்கை எதுவும் சுகாதாரத் துறை வழியாகத்தான் வெளியே போக வேண்டும், ஊராட்சி தனியாக எண் சொல்லக் கூடாது என்பது சொன்ன காரணம். காரணம் அலுவலக முறைப்படி சரி. நால்வரில் ஒருவருக்குப் பரிசோதனை முடிவே வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் எண்ணை எடுத்துவிட்டு ஆறுதலையாவது விட்டிருக்கலாம். எண்ணோடு சேர்த்து ஆறுதலையும் அடித்தார்கள், நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். தம்பி, உங்கள் தாளில் அந்த வரி இல்லாததைப் பார்த்து ஊரில் சாவே இல்லை என்றோ, ஊராட்சி மனமில்லாமல் விட்டது என்றோ உடனே முடிவு கட்டாதீர்கள். உங்கள் ஊரில் என்ன நடந்தது என்று அந்தச் செயலரிடம் கேட்டால்தான் தெரியும். ஆனால் எண் இல்லாமல் போனதற்கான பொதுக் காரணம் இதுதான்.

சாவுக் கணக்கு ஊராட்சியிடம் இல்லை என்பதும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கிராமத்தில் பிறப்பு இறப்பைப் பதிவு செய்பவர் கிராம நிர்வாக அலுவலர். ஆஸ்பத்திரியில் இறந்தால் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தில் பதிவாகும். அணைக்கட்டுக்காரர் ஒருவர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலோ இறந்திருந்தால் உங்கள் ஊர்ப் பதிவேட்டில் அவர் இருக்க மாட்டார். வீட்டில் இறந்த வயதானவர்கள் பலருக்குப் பரிசோதனையே செய்யவில்லை, ‘மூச்சுத்திணறல்’, ‘வயது மூப்பு’ என்று எழுதியிருக்கும். அதனால் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் 2018, 2019 இரண்டு வருடத்து மொத்த இறப்பையும் 2020, 2021 மொத்த இறப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 மே, ஜூன் மாதங்களைத் தனியாகப் பாருங்கள். கூடுதல் தெரிந்தால் கூடுதல் என்று மட்டும் எழுதுங்கள், எல்லாம் கொரோனா என்று எழுதாதீர்கள். ஒரு சிறிய ஊரில் ஆறு சாவு கூடினால் அது நோயாகவும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். கணியம்பாடி, கே.வி.குப்பம் ஒன்றியங்களில் சி.எம்.சி.யின் சமூக மருத்துவத் திட்டங்கள் பல வருடமாக வீடு வீடாகப் போகிறவை, அங்கே இருப்பவர்களுக்கு ஒப்பிட வேறு வழியும் உண்டு. அணைக்கட்டில் பதிவேட்டையும் மனிதர்களையும்தான் நம்ப வேண்டும்.

பெயரோ தெருவோ போடாதது பற்றி ஒரு வார்த்தை. 2020 ஜூலையில் நான் பொறுப்பாக இருந்த ஒரு ஊரில், தொற்று வந்த தெருவின் பெயரைப் போட்டு எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டினோம். நல்ல எண்ணத்தில்தான். ஒரு வாரம் அந்தத் தெருப் பெண்களை ரேஷன் வரிசையில் நிற்கவிடவில்லை. பால் ஊற்றப் போனவரைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தெரு யாருடையது என்று சொல்லத் தேவையில்லை, நம் பக்கத்து ஊர்களில் தெருப் பெயர் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். அந்த நோட்டீஸில் கையெழுத்து என்னுடையது. பிறகு அந்தத் தெருவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், ஆனாலும் அந்த வாரத்தை அவர்களுக்குத் திருப்பித் தர முடியாது. டிசம்பர் தாளில் தெருப் பெயர் இல்லையென்றால் அது குறையல்ல. உங்கள் வரலாற்றிலும் முதலில் யார் வீட்டில் வந்தது என்று எழுதாதீர்கள்.

இனி எந்த வரியை நம்பலாம் என்பது. ஊராட்சியின் கையிலேயே இருக்கும் வேலையைச் சொல்லும் வரிகள் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஏனென்றால் ஊரே பார்த்த விஷயத்தில் பொய் எழுத முடியாது. தண்ணீர் விடும் நேரம், தெருவிளக்கு, கால்வாய் தூர்வாரியது, ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி தெளித்தது, தூய்மைக் காவலர்கள் எத்தனை பேர், ஜல் ஜீவன் திட்டத்தில் எத்தனை வீட்டுக்குக் குழாய் என்பவை அந்த வகை. நூறு நாள் வேலையும் அப்படித்தான். 2020-21இல் நாள் கூலி 256 ரூபாய், அடுத்த வருடம் 273 ரூபாய். தாளில் வேறு தொகை இருந்தால் அச்சுப்பிழை. ஆனால் இந்தத் தொகை முழுவதும் கைக்கு வந்ததா என்று தாள் சொல்லாது, வேலை செய்தவர்களைத்தான் கேட்க வேண்டும். ஊரடங்கின் முதல் வாரங்களில் வேலையே நின்றது. திரும்பத் தொடங்கியபோது வயதானவர்களை வர வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த வேலையை நம்பியிருந்த ஆயாக்கள் அந்த மாதங்களில் எப்படிச் சமாளித்தார்கள் என்பது எந்தத் தாளிலும் கிடைக்காது. உங்கள் ஆயாவே சொல்லக்கூடும்.

சந்தேகத்தோடு படிக்க வேண்டியது ‘ஊராட்சி சார்பில் வழங்கப்பட்ட நிவாரணம்’ என்ற பகுதி. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் வந்தது. 2021 மே, ஜூனில் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் வந்தது. 2021 பொங்கலுக்கு 2,500 ரூபாய், அதற்கான டோக்கனை 2020 டிசம்பர் கடைசி வாரத்தில்தான் வீடு வீடாகக் கொடுத்தார்கள், உங்கள் தாள் வந்த அதே வாரம். இவை எல்லாம் மாநில அரசின் பணம், ரேஷன் கடை வழியாக வந்தவை. ஊராட்சியின் பொது நிதியிலிருந்து ஒரு ரூபாய் இதில் கிடையாது. ஆனாலும் பல ஊரில் நோட்டீஸ் எழுதுகிறவர்கள் இதையும் ஊராட்சி சாதனைப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். பொய் என்றும் சொல்ல முடியாது, வரிசையை ஒழுங்குபடுத்த ஊராட்சி ஆட்கள்தான் வெயிலில் நின்றார்கள். ஆனால் யார் பணம், யார் உழைப்பு என்று பிரித்து எழுதுங்கள். ஊர்க்காரர்களே சேர்ந்து காய்கறி, அரிசி கொடுத்திருந்தால், பீடிக் கம்பெனி முதலாளியோ தோல் தொழிற்சாலைக்காரரோ கொடுத்திருந்தால், அதையும் தனியாகப் போடுங்கள்.

தாளில் இல்லாத இன்னொன்று எல்லை. உங்கள் ஊர் மலையடிவாரம் என்பதால் உங்களுக்கு அவ்வளவாகத் தட்டியிருக்காது. குடியாத்தம், காட்பாடி பக்கத்து ஊர்களுக்கு 2020 ஏப்ரல் பெரிய விஷயம். சைனகுண்டாவிலும் பொன்னை பக்கமும் ஆந்திர எல்லைச் சாலையின் குறுக்கே சுவரே எழுப்பிவிட்டுப் பிறகு இடித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நிலம் இருந்தவர்களும் பெண் கொடுத்தவர்களும் உண்டு. அந்தப் பக்கத்து ஊர்களின் ஆண்டு இறுதித் தாள் யாரிடமாவது இருந்தால் அதில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஆசை.

இரண்டாவது தாளுக்கு வருவோம். 2021 டிசம்பரில் தலைவர் பதவிக்கு வந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. ஆகவே ‘இந்த ஆண்டில் ஊராட்சி செய்த பணிகள்’ என்று இருந்தால் அதில் பத்து மாத வேலை தனி அலுவலர் காலத்தது. அதைத் தலைவர் படத்துக்குக் கீழே போடுவது ஊரெங்கும் நடப்பது. படங்களையும் கவனித்துப் பாருங்கள். பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. தலைவர் பெண்ணாக இருந்து, அவர் கணவரின் படம் அவர் படத்தைவிடப் பெரிதாக இருந்தால் அதுவும் ஊர் வரலாறுதான். குறித்துக்கொள்ளுங்கள். அதே சமயம் அந்தத் தாள் வந்த நேரம் சாதாரண நேரமில்லை. நவம்பரில் பாலாற்றில் நம் தலைமுறை பார்க்காத வெள்ளம். நவம்பர் 29 விடியற்காலையில் நிலநடுக்கம், சின்னது என்றாலும் ஜனங்கள் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். டிசம்பர் நடுவில் ஒமைக்ரான் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டது. தடுப்பூசி முகாம் வாராவாரம் நடந்தது, இரண்டாவது டோஸுக்கு ஆள் வரவில்லை. இதில் எது உங்கள் தாளில் இருக்கிறது, எது இல்லை என்று எண்ணிப் பாருங்கள். தடுப்பூசி முகாம் நடக்கும் இடமும் நாளும் இருந்தால், அதை எழுதியவர் வேலை தெரிந்தவர். ‘அனைவரும் தடுப்பூசி செலுத்திக்கொள்வோம்’ என்று மட்டும் இருந்தால் எங்கிருந்தோ நகல் எடுத்தது.

2021 டிசம்பர் தாளில் கட்டாயம் இருந்திருக்க வேண்டியது என்று நான் நினைப்பது வேறு ஒன்று. கொரோனாவால் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் உறுதி செய்தது. பரிசோதனையில் தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்திருந்தால், வீட்டில் இறந்திருந்தாலும் தகுதி உண்டு. சான்றிதழில் காரணம் தவறாக இருந்தால் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு மாநில அரசின் 5 லட்சம் வைப்பு நிதி, ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சம் என்பதும் 2021 மே மாதமே அறிவித்தது. பிறகு உச்ச நீதிமன்றம் 50,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கக் கெடுவும் வைத்தது. 2022 மார்ச் 20க்கு முன் இறந்தவர்களுக்கு அதே மாதம் 24ஆம் தேதியிலிருந்து 60 நாள். பேப்பர் வாங்காத வீடுகளுக்கு இது எப்படித் தெரியும்? ஆண்டு இறுதித் தாளில் நாலு வரியில் சொல்லியிருக்கலாம். நான் பார்த்த தாள்களில் ஒன்றே ஒன்றில் இருந்தது. ஒரு புதிய தலைவி, பத்தாவது படித்தவர், பீடி சுற்றியவர், வாழ்த்தையெல்லாம் ஒரு வரியில் முடித்துவிட்டு, ‘யாராவது இறந்து பணம் வராத வீடு இருந்தால் என்னிடம் வாங்க, நானே கூட வர்றேன்’ என்று பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார், தன் செல் நம்பரும் போட்டிருந்தார். எழுத்துப்பிழைகள் இருந்தன. என் முப்பது வருடத்தில் பார்த்த ஊராட்சி நோட்டீஸிலேயே சிறந்தது அதுதான். அதை வைத்துப் பணம் பெற்ற குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். வேறு எத்தனை என்று கணக்கில்லை.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது. தாளை மட்டும் வைத்து எழுதாதீர்கள். ஊராட்சி அலுவலகத்தில் தீர்மானப் புத்தகம் இருக்கும். தனி அலுவலர் காலத்திலும் தீர்மானம் எழுதியாக வேண்டும், அதில் எந்தத் தேதியில் எதற்குச் செலவு என்று வரும். பிளீச்சிங் பவுடர், முகக்கவசம், தெளிப்பான் எல்லாம் இருப்புப் பதிவேட்டில் வரவு வைத்திருப்பார்கள். தூய்மைக் காவலர் சம்பளப் பட்டியலில் 2020 ஏப்ரல், மே மாதக் கையெழுத்துகளைப் பாருங்கள். ஊரே கதவைச் சாத்தியிருந்த அந்த நாட்களில் தினமும் வெளியே வந்தவர்கள் யார் என்று அதில் பெயரோடு இருக்கும், நோட்டீஸில் அவர்கள் பெயர் இருக்காது. முதலில் செயலரிடம் மரியாதையாகக் கேளுங்கள், காட்டிவிடுவார். காட்டவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். அவருடையது இல்லையென்றால் ஐந்து நாளில் உரியவருக்கு அவரே மாற்றி அனுப்ப வேண்டும், 30 நாளில் பதில் வர வேண்டும். ‘கொரோனா சம்பந்தப்பட்ட எல்லா விவரமும்’ என்று கேட்காதீர்கள், பதில் வராது. பதிவேட்டின் பெயர், மாதம், வருடம் போட்டு நகல் கேளுங்கள்.

இதைக் கொஞ்சம் சீக்கிரம் செய்யுங்கள். கட்டடம் மாறும்போதும் வெள்ளையடிக்கும்போதும் பழைய வவுச்சர் கட்டுகள் முதலில் வெளியே போகும், ஓதம் ஏறிய அறையில் மற்றவையும் தாங்காது. உங்கள் ஆயாவின் இரண்டு தாளையும் இன்றைக்கே நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படமெடுத்து வையுங்கள். பின்பக்கத்தில் யாராவது பேனாவில் எதையாவது கணக்குப் போட்டிருந்தால் அதையும் விடாதீர்கள். அப்புறம் ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவ்வளவு நாள் இதை ஏன் எடுத்து வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள்.